ஒரே கூடையில் போடாதவர்

அவர் பேருந்தில் ஏறினால் பக்கத்து இருக்கை தானாகக் காலியாகிவிடும். மடியில் எப்போதும் ஒரு தெர்மோகோல் பெட்டி இருக்கும். மூடியைச் சுற்றிப் பழுப்பு நாடா ஒட்டி, ஓரத்தில் ஐஸ் உருகிச் சொட்டிக்கொண்டிருக்கும். திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போகும் பேருந்தில் அப்படி ஒரு பெட்டியைப் பார்த்தால் யாருக்கும் மீன் ஞாபகம்தான் வரும். ஒருமுறை நான் அவருடன் போனபோது நடத்துனர் மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்து நின்றார்.

"ஏம்மா, மீன் பொட்டிக்கு லக்கேஜ் போடணும்ல?"

"மீனில்லீங்க, ரத்தம்" என்றார் இவர், பையில் சில்லறையைத் துழாவிக்கொண்டே.

நடத்துனர் லக்கேஜை மறந்துவிட்டுப் பின்பக்கம் போனார். எங்களுக்கு முன் இருக்கையில் இருந்த இரண்டு பேர் எழுந்து சின்னாளப்பட்டி வரை நின்றுகொண்டே வந்தார்கள். இவர் என் பக்கம் திரும்பி, "காலை நீட்டி உக்காருங்க. இந்தப் பெட்டியால எனக்குக் கெடைச்ச ஒரே சொகம் இதுதானுங்க" என்றார். நான் சிரித்தேன். அந்தப் பெட்டிக்குள் என் ரத்தமும் இருந்தது.

இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில் நடந்தது இது. அவர் எங்களுக்கு மருந்து தரும் டாக்டர் இல்லை. எங்களுக்குள் இருந்த எச்.ஐ.வி. கிருமியைப் படிக்கிற டாக்டர். ஊருக்கு வெளியே மதுரை சாலையில் இருந்த ஒரு சின்ன தொண்டு ஆஸ்பத்திரிக்கு மாதத்தில் சில நாள் வருவார். வடமதுரை, குஜிலியம்பாறை என்று சுற்றுப்பட்டிலிருந்து அங்கே வரும் நோயாளிகளிடம் சம்மதம் கேட்டு, ரத்தம் எடுத்து, ஐஸில் வைத்து, தானே சுமந்து மதுரைக்குக் கொண்டுபோவார். வேறு யாரிடமும் பெட்டியைக் கொடுக்கமாட்டார். எனக்கும் அவருக்கும் ஒரே வயதுதான் இருக்கும். எல்லாரும் டாக்டரம்மா என்றோம். பெயர் தெரியும், ஆனால் அவருக்குப் பெயரெல்லாம் எழுத்தில் வருவது பிடிக்காது என்பதால் விட்டுவிடுகிறேன்.

சொந்த ஊர் ஒட்டன்சத்திரம். பேச்சில் 'ங்க' போடாமல் ஒரு வாக்கியத்தை முடிக்கத் தெரியாது. அப்பாவுக்குத் தக்காளி மண்டி. சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மண்டியில் உட்கார்ந்து காய், செங்காய், பழம், அடிபட்டது என்று தனித்தனிக் கூடையில் பிரித்துப் போடுவாராம். "கலந்துட்டா எல்லாத்துக்கும் கொறஞ்ச வெலதான் கெடைக்கும்னு எங்கப்பா சொல்லுவாருங்க. நல்ல பழத்துக்கும் அடிபட்ட பழத்து வெலதான் வரும்பாரு."

தக்காளியைப் பிரித்த அந்தக் கை பிறகு சும்மா இருக்கவில்லை. யாராவது எதையாவது மொத்தமாகச் சொல்லிவிட்டால் அவருக்குப் பொறுக்காது. கொய்யாப்பழக்காரர் "எல்லாம் ஒரே ரகந்தாம்மா" என்றால் போதும், கூடை முன்னால் குத்தவைத்துவிடுவார். "எல்லாம் ஒண்ணுன்னு யாருங்க சொன்னது?" என்பார். இந்த வாக்கியத்தை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பழத்துக்குச் சொல்வார், பஸ்ஸுக்குச் சொல்வார், மாமியார்களுக்குச் சொல்வார். ஆனால் அவருடைய கைப்பையைத் திறந்தால் சாவி, சீப்பு, பாதி தின்ற பிஸ்கட், பழைய பஸ் டிக்கெட், ஈரத் தண்ணீர் பாட்டில் எல்லாம் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கும். அங்கே மட்டும் கொள்கை செல்லாது.

ஆஸ்பத்திரியில் ஒரு கம்பவுண்டர் இருந்தார். நல்ல மனுஷன், ஆனால் குரல் பெரிசு. கூட்டம் சேர்ந்துவிட்டால் வராந்தாவில் நின்று, "எச்.ஐ.வி. எல்லாம் இந்தப் பக்கம் வாங்க" என்று கத்துவார். நாங்கள் முந்தானையாலும் துண்டாலும் முகத்தை மூடிக்கொண்டு நகர்வோம். ஒருநாள் டாக்டரம்மா உள்ளேயிருந்து எழுந்து வந்தார்.

"ஏனுங்க, எச்.ஐ.வி. உள்ள ஐஸ்ல இருக்குதுங்க. வெளிய நிக்கிறது ஆளுங்க."

கம்பவுண்டருக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் வம்பு, யாராவது கேட்டுவிடுவார்கள். அன்றிலிருந்து அவர் ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று, லேசாக இருமிவிட்டு, "நீங்க வாங்க" என்றார். கூட்டம் முடிய மத்தியானமானது. ஆனால் முகத்தை மூடுகிற பழக்கம் எங்களில் பலருக்கு அந்த வராந்தாவில்தான் போனது.

நான் எப்படி அந்த வராந்தாவுக்கு வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. என் வீட்டுக்காரர் ஒரு பூட்டு வியாபாரியிடம் வேலை பார்த்தார். திண்டுக்கல் பூட்டுகளில் ரகத்துக்கு ஒன்றாக ஒரு தகரப் பெட்டியில் போட்டுக்கொண்டு பம்பாய், நாக்பூர் என்று மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பார். ஒரு வருடம் காய்ச்சலும் இருமலுமாக வந்து விழுந்தார். விட்டபாடில்லை. பரிசோதித்துச் சொன்னார்கள். பிறகு என்னையும் பரிசோதித்தார்கள், எனக்கும் இருந்தது. மகளுக்கு இல்லை. அவர் மறைக்கவில்லை. "பம்பாய்ல கொஞ்ச நாளு புத்தி கெட்டுத் திரிஞ்சேன்" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அப்புறம் கணக்கு யாருக்கும் கஷ்டமாக இல்லை. அவர் கொண்டுவந்தார், எனக்குக் கொடுத்தார். அவருடைய அக்கா, என் மதினி, எங்கள் தெருவிலேயே இருந்தவர், என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். எனக்கு ஒரு வசதி இருந்தது. கோபப்பட ஆள் வீட்டிலேயே இருந்தார். நான் குறை வைக்கவில்லை. சோற்றைத் தட்டில் வைக்கிற சத்தத்திலேயே அவருக்குத் தெரியும்.

அந்த நாட்களில்தான் டாக்டரம்மா தன் ஆராய்ச்சியைப் பற்றி எங்களுக்குச் சொன்னார். தொண்ணூறுகளில் எங்கள் ஊர் வீடுகளுக்கு ஒரு தபால் அட்டை வரும். 'இதைப் பார்த்து எழுதி ஒன்பது பேருக்கு அனுப்பு, அனுப்பினால் நினைத்தது நடக்கும், அனுப்பாவிட்டால் வீட்டுக்கு ஆகாது' என்று மிரட்டும். பயந்துபோய் எல்லாரும் எழுதுவோம். அவர் அதைத்தான் எடுத்துக்கொண்டார்.

"ஒருத்தரு அவசரத்துல ஒரு வரிய விட்டுருவாருங்க. அவரப் பாத்து எழுதுற ஒம்பது பேருகிட்டயும் அந்த வரி இருக்காது. அதுல ஒருத்தரு சொந்தமா ஒரு வரி சேத்துருவாரு. கொஞ்ச நாள் போனா ஊர்ல நூறு தினுசு அட்ட சுத்தும். ஆனா அட்டையப் பாத்தாலே இது இன்ன கொத்துலேருந்து வந்துதுன்னு சொல்லீரலாம். இந்தக் கிருமியும் அப்படித்தானுங்க. தன்னையப் பாத்துத் தானே எழுதுது, ஆனா ரொம்ப மோசமான கை. தப்பும் தவறுமா எழுதும். உங்க ஒருத்தரு ஒடம்புக்குள்ளயே ஒரு கூட்டம் இருக்குது, அதுல ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. ஊர்ல அத்தன பேருக்குள்ளயும் எப்படி இருக்கும்னு பாருங்க. நம்ம பக்கம் என்னென்ன தினுசு சுத்துதுன்னு தெரிஞ்சாத்தானுங்க, நாளைக்குத் தடுப்பூசி செய்யறவங்க எதுக்குச் செய்யணும்னு தெரியும்."

இதைச் சொல்லும்போது அவர் கண் பளபளத்தது. எனக்கு எரிச்சலாக வந்தது.

"டாக்டரம்மா, ரொம்ப ரசிக்காதீங்க. அது திங்கிறது என்னைய."

வாயை மூடிக்கொண்டார். எதிரியை உற்றுப் பார்க்காமல் எப்படி அடிப்பது என்று என்னிடம் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "மன்னிச்சுக்கோங்க" என்றார். அடுத்த முறை வேறு ஆட்களுக்கு அதே கதையைச் சொல்லும்போது என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். கண் மட்டும் பழையபடிதான் பளபளத்தது, அதை அவரால் அடக்க முடியவில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

ரத்தம் எடுப்பதற்கு முன் ஒவ்வொருவரிடமும் ஒன்று சொல்வார். குழாயில் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். முடிவைத் தனித்தனியாக யாருக்கும் சொல்லமாட்டார்கள். "யாரு யாருக்குக் குடுத்தாங்கன்னு எங்கிட்டக் கேக்காதீங்க" என்பார். கேட்டு வந்தவர்கள் உண்டு. வடமதுரைப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து, செத்துப்போன தம்பிக்கு வியாதியைக் கொண்டுவந்தது தம்பி பெண்டாட்டிதான் என்று ரத்தத்தை வைத்து நிரூபித்துத் தர வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண்ணை வீட்டைவிட்டு அனுப்பத்தான் அவருக்கு அது தேவைப்பட்டது.

"ரெண்டு அட்டையும் ஒரே மாதிரி இருக்குதுன்னு வெச்சுக்கோங்க. யாரப் பாத்து யாரு எழுதுனாங்கன்னு அட்ட சொல்லாதுங்க" என்றார் டாக்டரம்மா. அந்த மனிதர் கத்தினார். இவர் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார், பதில் கொடுக்கவில்லை.

அடுத்த வருடம் இலவச மாத்திரை வந்தது. ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி எந்த அளவுக்கு இறங்கியிருக்கிறது என்று பார்த்துத்தான் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரருக்கு மோசமாக இறங்கியிருந்தது, கொடுத்தார்கள். எனக்கு இன்னும் இறங்கவில்லை, காத்திருக்கச் சொன்னார்கள். அவர் தினமும் என் கண் முன்னால் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். மற்றவர்களெல்லாம் கன்னத்தில் சதை வைத்துத் தேறி வந்தார்கள். இவர் இளைத்துக்கொண்டே போனார்.

ஒருநாள் பள்ளிக்கூட அலமாரிக்கு ஒரு பூட்டு வேண்டியிருந்தது. அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தேன். பூட்டுகளுக்கு அடியில், செய்தித்தாளில் சுற்றி, துடைத்துக் காயவைத்த மாத்திரைகள் கிடந்தன. நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்திருந்து, நான் அந்தப் பக்கம் போனதும் துப்பிச் சேர்த்திருக்கிறார்.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் எங்கள் கிறிஸ்தவ வீடுகளில் சிலர் கறியை விடுவார்கள், சிலர் பீடியை விடுவார்கள். ஆண்டவருக்காகச் செய்கிற ஒறுத்தல் அது. இவர் மாத்திரையை விட்டிருந்தார். உயிர்ப்பு ஞாயிறு வந்து போன பிறகும் அதை முடிக்கவில்லை.

"ஒனக்கு வேணும்ங்கிறப்ப இருக்கட்டும்னு வச்சேன்" என்றார். "ஒன்னையக் கொன்னுட்டு நான் மட்டும் மாத்திர போட்டுப் பொழைக்கணுமாக்கும்?"

மருந்து கொடுக்கிற டாக்டர் திட்டினார். பங்குச் சாமியார் கூப்பிட்டு, இது ஒறுத்தல் இல்லை, பாவம் என்றார். இவர் எல்லாருக்கும் தலையாட்டினார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன், அவரையும் இழுத்துக்கொண்டு. டாக்டரம்மா திட்டவில்லை. மாத்திரைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எல்லாத்தையுமா துப்புனீங்க?"

"சில நாளு முழுங்கிருவேன். சில நாளு மனசு வராது."

"அதுதானுங்க ரொம்ப மோசம். உள்ள இருக்கிற கூட்டத்துல எல்லாம் ஒண்ணு போல இல்லைன்னு சொன்னேனுங்களே. பாதி மருந்துக்குச் சாகறது சாகும். தாங்குறது மட்டும் தப்பிச்சு, அதுவே பெருகும். அப்பறம் முழு மருந்து போட்டாலும் கேக்காது. இவங்களுக்காகன்னு நீங்க சேத்து வெச்சது மாத்திரைய இல்லீங்க, அந்தத் தாங்குற கிருமிய."

"சரிங்கம்மா" என்றார் என் வீட்டுக்காரர். அடுத்த நாளும் துப்பினார். இப்போது மறைக்கக்கூட இல்லை.

இதற்கிடையில் டாக்டரம்மா எங்கள் இருவரிடமும் மறுபடி ரத்தம் எடுத்தார். குழாயில் எண் மாறிப்போயிருக்குமோ என்று சந்தேகம் என்றார். தானே எண் எழுதினார், தானே நாடா ஒட்டினார். சில வாரம் கழித்து என்னை மட்டும் தனியாக வரச் சொன்னார். ஆஸ்பத்திரியின் பின்பக்கம் ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"இந்த முடிவ யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு இருக்குதுங்க. மேல எழுதிக் கேட்டு, உங்களுக்கு மட்டும் சொல்ல அனுமதி வாங்கியிருக்கேன். கேக்கறீங்களா, வேண்டாமா?"

கேட்கிறேன் என்றேன்.

"உங்க வீட்டுக்காரருக்கு இருக்கிறது சி வகைக் கிருமிங்க. நம்ம பக்கம் பெரும்பாலும் அதான். உங்களுக்கு இருக்கிறது ஏ வகை. ரெண்டு தடவ பாத்துட்டேன். இது ஒரு வரி விட்டுப்போன கதையில்லீங்க, அட்டையே வேற. அவருகிட்டேருந்து உங்களுக்கு வரல. உங்ககிட்டேருந்து அவருக்கும் போகல."

பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். "அப்ப எனக்கு எங்கேருந்து வந்துச்சு?" என்றேன். அவர் கேள்விக்குக் கேள்வியாக, எப்போதாவது ரத்தம் ஏற்றினார்களா என்றார்.

ஏற்றினார்கள். தொண்ணூற்று மூன்றில் மகள் பிறந்தபோது. பிள்ளை வெளியே வந்த பிறகு எனக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. நினைவில்லாமல் கிடந்தவளுக்கு வெளியிலிருந்து ரத்தம் வாங்கி ஏற்றியதாகப் பிறகு சொன்னார்கள். அந்தக் காலத்தில் எல்லா ரத்தத்தையும் சோதித்துப் பார்த்து ஏற்றவில்லை. நான் எழுந்து உட்கார மாதக்கணக்கானது. பிள்ளையை மதினிதான் எடுத்துப்போய்ப் பசும்பால் கொடுத்து வளர்த்தார். "அதனாலதானுங்க உங்க பொண்ணு தப்பிச்சுது" என்றார் டாக்டரம்மா. "நூத்துக்கு நூறு இதுதான்னு சொல்ல முடியாது. ஆனா நீங்க சொல்றத வெச்சுப் பாத்தா வேற வழியில்ல."

அப்புறம் அவர் சொன்னதைத்தான் நான் இன்றுவரை மெச்சுகிறேன். "இது உங்க ரத்தம் சொன்ன சேதி. அவருகிட்டச் சொல்லலாமா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லணும். நான் ஒரு வார்த்த எடுத்துக் குடுக்க மாட்டேனுங்க."

பேசாமல் அவரே சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு லேசாக இருந்திருக்கும். சொன்னால் என் வீட்டுக்காரர் ஒருவேளை மாத்திரையை முழுங்குவார். சொல்லாவிட்டால் செத்துப்போவார், அதில் சந்தேகமில்லை. ஆனால் சொன்ன மறுநிமிடம் ஒரு கேள்வி வரும். இவன் கொடுக்கவில்லை என்றால் இவளுக்கு எங்கேயிருந்து வந்தது? பதினோரு வருடத்துக்கு முந்தைய ஒரு பாட்டில் ரத்தத்தை நம்புவார்களா, இல்லை ஒரு பெண்பிள்ளையைச் சந்தேகப்படுவது சுலபமா? எங்கள் தெருவை எனக்குத் தெரியும். பள்ளிக்கூடமும் இருந்தது. இன்னொன்றும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். எனக்குக் கோபப்பட ஆள் இல்லாமல் போய்விடும். அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் அத்தனை நாள் நடமாடிக்கொண்டிருந்தேன்.

ஒரு மத்தியானம் என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கல்யாண மோதிரம் நழுவாமலிருக்க அதில் நூல் சுற்றியிருந்தார். அப்படியும் அது விரலைவிட்டுக் கழன்று குழம்புச் சோற்றுக்குள் விழுந்தது. எடுத்து, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, என்னை நிமிர்ந்து பார்க்காமல் சாப்பிட்டார். நான் எழுந்து உள்ளே போய் அழுதேன். அடுத்த நாள் டாக்டரம்மாவிடம் போனேன்.

"சொல்லுங்க. ஆனா எங்க மதினியையும் வச்சுக்கிட்டுச் சொல்லுங்க. கேக்குற கேள்விய எம் முன்னாடியே கேக்கட்டும்."

சின்ன அறை. ஒரு மேசை, நாற்காலிகள், மூலையில் அந்தத் தெர்மோகோல் பெட்டி. டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார். உங்கள் கிருமி வேறு, இவர் கிருமி வேறு, நீங்கள் இவருக்குக் கொடுக்கவில்லை. என் வீட்டுக்காரருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னார். மதினிக்கு முதலிலேயே புரிந்துவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப இவளுக்கு எங்கேருந்து வந்துச்சு?"

நான் பயந்த கேள்வி, நான் பயந்த அதே வார்த்தைகளில் வந்தது. டாக்டரம்மா வாயெடுப்பதற்குள் என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தபடி, "பாட்டிலு" என்றார்.

"எந்தப் பாட்டிலு?" என்றார் மதினி.

"பாப்பா பொறந்தப்ப. ஆஸ்பத்திரில ரத்தம் இல்ல, வெளிய ஏற்பாடு பண்ணுங்கன்டாங்க. நல்ல மழ. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரத்தம் விக்கிற ஆளு ஒருத்தன் நிப்பான்னாக. தேடிப் பிடிச்சேன். வரமாட்டேன்டான். டீ வாங்கிக் குடுத்து, கால்ல விழுகாத கொறையாக் கெஞ்சி, ஆட்டோ வச்சுக் கூட்டியாந்தேன். எடுத்து எங் கையில குடுத்தாங்க. பாட்டிலு சூடா இருந்துச்சு. நனையாம நெஞ்சோட வச்சுக்கிட்டு மாடி ஏறுனேன்."

பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை.

"பம்பாய்லேருந்து கொண்டாந்து குடுத்தேன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன். அதுக்கு முன்னாடியே எங் கையாலயே கொண்டாந்து குடுத்துருக்கேன்."

பாட்டிலை அவர்தான் வாங்கி வந்தார் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. ஒரு சுமையை இறக்க வந்து அதைவிடக் கனமானதை ஏற்றிவிட்டோம் என்று நினைத்தேன். டாக்டரம்மாவுக்கும் இது தெரியாது, அவர் முகத்திலேயே தெரிந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் எழுந்து வந்து, நாற்காலியை இழுத்து அவருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"ஏனுங்க, எல்லாத்தையும் ஒரே கூடையில போடாதீங்க. பம்பாய்ல நீங்க பண்ணுனது ஒண்ணு. அதுக்கு இவங்ககிட்ட நீங்க பதில் சொல்லிக்கோங்க, நான் குறுக்க வரல. மழையில ரத்தம் தேடி ஓடுனது வேற. அன்னைக்கு அந்தப் பாட்டிலு வரலைன்னா இவங்க அன்னைக்கே போயிருப்பாங்க. இத்தன வருசம் பள்ளிக்கூடத்துல பாடம் நடத்துனாங்களே, பொண்ண வளத்தாங்களே, அதெல்லாம் அந்தப் பாட்டிலு குடுத்ததுங்க. கிருமி இருந்துச்சு, உங்களுக்குத் தெரியாது. உசுரும் இருந்துச்சு, அதத் தெரிஞ்சுதான கொண்டாந்தீங்க. அதப் போயி பாவத்தோட கலந்தீங்கன்னா, நல்லதுக்கும் கெட்டதோட வெலதான் கெடைக்கும்."

மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாந்தான் புள்ளயத் தூக்கிக்கிட்டு மாடிப்படியில நின்னேன்" என்றார் என்னைப் பார்த்து. "ஏழு கடலு நீந்துனவன் மாதிரி நனைஞ்சு வந்தான். சட்டைக்குள்ள என்னடா வச்சுருக்கன்னு கேட்டேன். மறந்தே போச்சு எனக்கு." என் கையைப் பிடித்துக்கொண்டார். கேள்வி அங்கேயே முடிந்தது. பிறகு தெருவில் யார் என்ன பேச வந்தாலும் முதலில் பதில் சொன்னவர் மதினிதான்.

"தண்ணி இருக்கா?" என்றார் என் வீட்டுக்காரர்.

டாக்டரம்மா கைப்பையை மேசையில் கவிழ்த்தார். சாவி, சீப்பு, பிஸ்கட் எல்லாம் உருண்டு, கடைசியில் தண்ணீர் பாட்டில் வந்தது. நான் அன்றைய மாத்திரையைக் கொடுத்தேன். வாங்கிப் போட்டுக்கொண்டு குடித்தார். மதினி குனிந்து, "ஏலே, நாக்கத் தூக்கு" என்றார். பள்ளிக்கூடப் பையன் மாதிரி தூக்கிக் காட்டினார். அடியில் ஒன்றுமில்லை. டாக்டரம்மா மேசையில் கிடந்ததையெல்லாம் அள்ளிப் பைக்குள் ஒன்றாகக் கொட்டிக்கொண்டார்.

விட்டு விட்டுப் போட்டதற்குக் கெட்ட பலன் இருக்கத்தான் செய்தது. டாக்டரம்மா சொன்ன மாதிரியே அந்த மருந்து சில வருடங்களில் கேட்காமல் போய், வேறு மருந்துக்கு அலைய வேண்டியிருந்தது. ஆனாலும் என் வீட்டுக்காரர் தேறினார். மோதிரத்திலிருந்து நூலை எடுத்தார். எனக்கும் பிறகு மாத்திரை ஆரம்பித்தது. கோபம் என்ன ஆயிற்று என்று கேட்கலாம். அதைப் பிரித்தேன். பம்பாய்க்கு மட்டும் தனியாகக் கோபப்பட்டேன். அது தீர வெகுகாலம் ஆனது, நடுவில் மழை வந்து வந்து கெடுத்துக்கொண்டிருந்தது.

டாக்டரம்மாவை வடக்கே எங்கோ மாற்றிவிட்டார்கள். சொல்லிக்கொள்ள வந்தபோது கொய்யாப்பழம் வாங்கி வந்தார், ஒவ்வொன்றாகப் பொறுக்கியது என்று பார்த்தாலே தெரிந்தது. அவரைப்போல ஒருவரை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

பல வருடம் கழித்து ஒருநாள் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். பழனி வண்டியின் ஜன்னலோரம் அவர். தலை நரைத்திருந்தது. மடியில் இப்போது நீல நிற பிளாஸ்டிக் பெட்டி. பக்கத்து இருக்கை காலி. என் வீட்டுக்காரர் என்னை விட்டுவிட்டு முன்னால் ஓடினார். நான் பின்னால் போய்ச் சேரும்போது வண்டி மெல்ல நகர ஆரம்பித்திருந்தது.

"டாக்டரம்மா, என்னையத் தெரியுதா?" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூட நடந்தார். எத்தனை ஆயிரம் பேரைப் பார்த்திருப்பார் அவர். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். நானும் கேட்டேன் அவர் சொன்னதை.

"தெரியாம என்னங்க. மழையில ரத்தம் கொண்டாந்தவருதானுங்க?"

வண்டி வெளியே போனது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது என் வீட்டுக்காரர், "அம்புட்டுப் பேருக்குள்ள என்னைய அப்பிடித்தான் ஞாபகம் வச்சுருக்காங்க" என்றார்.

இப்போது என் வீட்டுக்காரர் இல்லை. போய்ச் சேர்ந்தது வேறு நோயில், வயதாகி. யாராவது அவரைப் பற்றிக் கேட்டால் நானும் அந்த மழையைத்தான் முதலில் சொல்கிறேன். பம்பாயை மறக்கவில்லை. அது வேறு கூடையில் இருக்கிறது.